விடைத்தாளிலிருந்து தொடங்குங்கள்

என் மகளின் கணக்கு விடைத்தாளை அவளுடைய தலையணை உறைக்குள் கண்டெடுத்தேன். நான்காக மடித்து, மடிப்பு கிழியும் அளவுக்கு அழுத்தி வைத்திருந்தாள். நூற்றுக்கு 54. அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. ஏழாம் வகுப்பு வரை எண்பதுக்குக் கீழே இறங்காத பெண். ஒளித்துவைத்தாளே என்று முதலில் கோபம் வந்தது. ஏன் ஒளித்தாள் என்று யோசித்ததும் கோபம் போய்விட்டது. அதற்கு முந்தைய தேர்வில் 61 வாங்கி வந்தபோது, அவளுடைய பெரியம்மா மகளை இழுத்துவைத்து ஒப்பிட்டுப் பேசியவள் நான்தான். சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு அவள் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: குறைந்த மதிப்பெண்ணை அம்மாவிடம் காட்டக் கூடாது.

அன்று இரவு அந்தத் தாளை மேசைமேல் விரித்து நீவிவிட்டு அவளைக் கூப்பிட்டேன். "திட்டப் போவதில்லை. போன 46 மதிப்பெண் எங்கே போயிற்று என்று இரண்டு பேரும் எண்ணப் போகிறோம், அவ்வளவுதான்" என்றேன். நம்பாமல்தான் வந்து உட்கார்ந்தாள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு உதவ நினைக்கும் எந்தப் பெற்றோரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். முகப்பில் சிவப்பு மையில் இருக்கும் எண்ணை விடுங்கள். உள்ளே இருக்கும் பக்கங்களைப் புரட்டுங்கள். "இன்னும் நன்றாகப் படி" என்று சொன்னால் எதை, எப்படி என்று பிள்ளைக்குத் தெரியாது. தாள் அதைச் சொல்லும்.

ஒரு வெள்ளைத்தாளில் நான்கு கட்டங்கள் போட்டோம். புரியவே இல்லை, புரிந்தும் மறந்துவிட்டது, தெரிந்தும் கவனக்குறைவு, நேரம் போதவில்லை. மதிப்பெண் போன ஒவ்வொரு கேள்வியையும் எந்தக் கட்டத்தில் போடுவது என்று அவளே முடிவு செய்தாள். கடைசியில் வந்த கணக்கு: புரியாதது 14, மறந்தது 12, கவனக்குறைவு 11, நேரமின்மை 9.

கவனக்குறைவு என்று அவள் போட்ட பதினொன்றை மட்டும் நான் மறுபடி பார்த்தேன். ஐந்து இடங்களில் ஒரே தவறு. அடைப்புக்குறிக்கு வெளியே கழித்தல், உள்ளேயும் கழித்தல். பெருக்கி விரிக்கும்போது கூட்டலாக மாற வேண்டியதை ஐந்து இடத்திலும் கழித்தலாகவே எழுதியிருந்தாள். ஒரே தவறு ஐந்து முறை வந்தால் அதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. எண்களை வைத்து ஒரு கணக்கு எழுதினேன்: 20 − 3(5 − 2). முதலில் அடைப்புக்குறிக்குள் முடித்துவிட்டுச் செய்யச் சொன்னேன். மூன்று மூன்று ஒன்பது, இருபதில் ஒன்பது போனால் 11 என்றாள். அதையே விரித்துச் செய் என்றேன். 20 − 15 − 6 என்று எழுதி, விடை −1 என்று போட்டாள். பேனா அங்கேயே நின்றது. மேலே 11, கீழே −1. "ஒரே கணக்கு எப்படி இரண்டு விடை தரும்?" என்று அவளே கேட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து 6க்கு முன்னால் இருந்த கழித்தலின்மேல் ஒரு குறுக்குக் கோடு இழுத்துக் கூட்டலாக்கினாள்.

அது கீழ் வகுப்புப் பாடம். அங்கே விட்ட ஓட்டையை வைத்துக்கொண்டுதான் இரண்டு வருடம் இயற்கணிதம் செய்துகொண்டிருந்திருக்கிறாள். அந்த ஐந்து இடங்களில் மட்டும் 8 மதிப்பெண். கட்டத்தைத் திருத்தினோம்: புரியாதது 22, கவனக்குறைவு 3. "எனக்குக் கணக்கு வராது" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததில் பாதி, ஒரு கழித்தல் குறியும் அதைப் போன்ற இன்னும் மூன்று இடங்களும்தான். அவற்றைச் சரிசெய்ய, பழைய பாடப்புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு நாளுக்கு அரை மணி நேரம் வீதம் மூன்று வாரம் ஆயிற்று.

நான்கு கட்டத்துக்கும் மருந்து வேறு வேறு. புரியாததற்கு யாராவது விளக்க வேண்டும். தனியாக உட்கார்ந்து பத்து முறை படித்தாலும் அது தெளியாது. மறந்ததற்குப் பயிற்சி முறையை மாற்ற வேண்டும். நேரம் போதாததற்குக் கடிகாரம் வைத்துப் பழக வேண்டும். கவனக்குறைவுக்கு, தேர்வின் கடைசி பத்து நிமிடத்தில் விடையை மூலக்கேள்வியில் திருப்பிப் போட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். மற்ற பாடங்களில் ஐந்தாவதாக ஒரு கட்டம் வரலாம்: கேள்வியைச் சரியாக வாசிக்காதது. "காரணம் கூறுக" என்று கேட்டிருக்கும், பிள்ளை வரையறையை எழுதிவைத்திருக்கும். "வேறுபடுத்துக" என்றால் இரண்டையும் தனித்தனியாக விவரித்திருக்கும். கேள்வியின் வினைச்சொல்லுக்கு அடியில் கோடிட்டுவிட்டு எழுதத் தொடங்கினால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

புத்தகத்தை மூடச் சொல்லுங்கள்

கணக்கை விட்டால், மற்ற பாடங்களில் மறந்துவிட்டது என்ற கட்டம்தான் பெரியது. இதில் பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று நினைத்துவிடாதீர்கள். என் மகள் ஒளிச்சேர்க்கைப் பாடத்தை ஒரு மணி நேரம் படித்தாள், நானே பார்த்தேன். மஞ்சள் மார்க்கர் படாத வரி அந்தப் பக்கங்களில் இல்லை. "படித்துவிட்டேன் அம்மா" என்றாள். புத்தகத்தை வாங்கி மூடிவைத்துவிட்டு, தெரிந்ததை எல்லாம் ஒரு வெள்ளைத்தாளில் எழுது என்றேன். "தாவரங்கள் சூரிய ஒளியின் உதவியால் தமக்குத் தேவையான உணவைத் தயாரிக்கின்றன" என்று ஒரு வரி வந்தது. அடுத்த வரி வரவில்லை. கண் கலங்கிவிட்டது. "பார்க்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியேதான் இருந்தது" என்றாள்.

தெரிந்த மாதிரி இருப்பதுதான் சிக்கல். நான்காம் முறை வாசிக்கும்போது வரிகள் பழகிப்போயிருக்கும். அந்தப் பழக்கத்தைத்தான் அறிவு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியை நான்கு சுற்றுகள் வாசித்தார்கள். இன்னொரு குழு ஒரு சுற்று வாசித்துவிட்டு, அடுத்த மூன்று சுற்றுகளிலும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களுக்கு 83 சதவீதம் நினைவிருந்தது, எழுதியவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. பாடத்தைக் கரைத்துக் குடித்துவிட்டதாக இரவில் தோன்றுவதும் தேர்வு அறையில் ஒன்றும் வராமல் போவதும் ஏன் என்று இந்த நான்கு எண்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். இருபது நிமிடம் வாசிப்பு. புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் நீல மையில் எழுதுவது. வாக்கியமாக இருக்கத் தேவையில்லை, படமாகவும் இருக்கலாம், அம்புக்குறியாகவும் இருக்கலாம். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைப் பச்சை மையில் சேர்ப்பது. முதல் நாள் தாளில் பச்சையம், கார்பன் டை ஆக்சைடு, நீர், குளுக்கோஸ் என்று எல்லாமே பச்சையில் இருந்தன. மறுநாள் இரண்டு வரிகள் மட்டும் பச்சை. வெளிவரும் ஆக்சிஜன் நீரிலிருந்து வருகிறது என்ற வரி மூன்றாம் நாளும் பச்சையிலேயே வந்தது. நான்காம் நாள் நீலத்துக்கு மாறியது. என்ன படிப்பது என்று தேட வேண்டியதில்லை. நேற்றைய பச்சைதான் இன்றைய பாடம்.

முதல் இரண்டு வாரம் பிள்ளை இதை வெறுக்கும், சொல்லிவிடுகிறேன். வாசிப்பது இதமாக இருக்கும், நினைவிலிருந்து எடுப்பது வலிக்கும். தாள் வெறுமையாக இருக்கும்போது முகத்தைப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள்.

எப்போது திரும்பிப் படிப்பது என்பதும் முக்கியம். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே எவ்வளவு மறக்கிறேன் என்று அளந்து 1885இல் வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே மிக வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. அதனால் ஒரு பாடத்தை ஒரே நாளில் நான்கு மணி நேரம் போட்டு அமுக்குவதைவிட, நடத்திய அன்று இரவு, மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று சிறிது சிறிதாகத் தொடுவது நிற்கும். ஒவ்வொரு தொடுதலுக்கும் பத்து நிமிடம் போதும். சூத்திரங்கள், வருடங்கள், சொற்பொருள் ஆகியவற்றுக்கு அட்டைகள் வைத்துக்கொண்டோம்: முன்னால் கேள்வி, பின்னால் விடை. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் முதல் பெட்டிக்கே திரும்பிவரும். முதல் பெட்டி தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவது பெட்டி வாரம் ஒரு முறை. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970களில் பரவச்செய்த முறை இது. செருப்புப் பெட்டியும் கத்தரிக்கோலும் இருந்தால் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். அட்டையைப் பிள்ளையே எழுத வேண்டும். நாம் எழுதிக் கொடுத்தால் அதன் பாதிப் பயன் போய்விடும்.

கணக்கில் கலந்து செய்ய வேண்டும்

பயிற்சிப் புத்தகத்தில் ஒரு அத்தியாயத்தின் இருபது கணக்குகளையும் வரிசையாகச் செய்தால், மூன்றாவது கணக்குக்குப் பிறகு யோசனையே தேவைப்படாது. எந்தச் சூத்திரம் என்பது தலைப்பிலேயே இருக்கிறது. தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. டக் ரோரரும் கெல்லி டெய்லரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கணக்குகளை வகைவகையாகப் பிரித்துச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகச் செய்தார்கள். கலந்து செய்தவர்கள் 60தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் பிரித்துச் செய்தவர்கள் 20, கலந்து செய்தவர்கள் 63. அதிலிருந்து நாங்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய ஐந்து அத்தியாயங்களிலிருந்து இரண்டிரண்டு கணக்குகளைச் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுக்கிறோம். கணக்கைச் செய்வதற்கு முன்னால் இது எந்த வகை, ஏன் என்று ஒரு வரி சொல்ல வேண்டும். சில நாள் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிடுவோம், விடைவரை போவதில்லை. அதுவும் பயிற்சிதான்.

டியூஷன் வைக்கலாமா என்று பலர் கேட்பார்கள். வைக்கலாம், ஆனால் நான்கு கட்டத் தாளோடு போங்கள். மறதிக்கும் நேரமின்மைக்கும் டியூஷன் மருந்தாகாது. பள்ளியில் கேட்டதையே மாலையில் இன்னொரு முறை கேட்டுவிட்டு, தானாக உட்கார்ந்து பயிற்சி செய்ய வேண்டிய நேரத்தையும் பிள்ளை இழந்துவிடும். ஆசிரியரைப் பார்க்கப் போகும்போதும் அதே தாள் கையில் இருக்கட்டும். "என் பிள்ளை எப்படிப் படிக்கிறது?" என்று கேட்டால் "கவனம் வேண்டும்" என்ற பதில்தான் வரும், அவர் மேல் குற்றமில்லை. "இந்த இடத்தில் மூன்று தேர்விலும் தவறியிருக்கிறாள், எந்த வகுப்புப் பாடத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு என் மகளின் ஆசிரியர் ஒரு நோட்டை எடுத்து, மூன்று தலைப்புகளை எழுதிக் கொடுத்தார். பிள்ளையையும் கூட அழைத்துப் போங்கள். அவளைப் பற்றிய பேச்சு அவள் இல்லாத இடத்தில் நடக்க வேண்டாம்.

நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று சரிந்தால் படிப்பு முறையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். கரும்பலகை தெரியவில்லை என்பதைச் சொல்ல வெட்கப்படும் பிள்ளைகள் உண்டு, கண்ணைப் பரிசோதியுங்கள். எழுத்துகள் இடம் மாறித் தெரிவதாகவோ, வாசிக்க மற்றவர்களைவிட மிக அதிக நேரம் பிடிப்பதாகவோ இருந்தால் வாசிப்புக் குறைபாடு இருக்கிறதா என்று நிபுணரிடம் காட்டுங்கள். பள்ளியில் யாராவது சீண்டுகிறார்களா, பயமுறுத்துகிறார்களா என்று கேளுங்கள். முன்பு பிடித்த எதிலும் நாட்டமில்லாமல், தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரத்துக்கு மேல் ஒதுங்கியே இருந்தால் அடுத்த தேர்வைப் பற்றிய கவலையை ஒதுக்கிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம்.

தூக்கத்தில் கைவைக்காதீர்கள்

இந்த ஒன்றில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்வதில்லை. 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. பகலில் படித்தது நினைவில் படிவது பெரும்பாலும் தூங்கும்போதுதான். இரவு இரண்டு மணிவரை விழித்துப் படிக்கும் பிள்ளையைப் பார்த்துப் பெருமைப்படுபவர்கள், அவள் படித்ததை அவளே அழித்துக்கொண்டிருக்கிறாள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பருவ வயதில் உடலின் கடிகாரம் பின்னுக்குத் தள்ளிப்போகிறது. தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பது தாமதமாகிறது. சீக்கிரம் தூக்கம் வராததும் காலையில் எழுந்திருக்க முடியாததும் திமிரால் வருபவை அல்ல. பள்ளிகள் காலை 8.30க்கு முன்னால் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல் கேட்டுக்கொண்டதும் இதனால்தான். பள்ளி நேரத்தை நம்மால் மாற்ற முடியாது. படுக்கும் நேரத்தை மாற்றலாம். கஷ்டமான பாடத்தை மாலையில் முதலில் வைத்துவிட்டால், இரவில் இழுத்துக்கொண்டே போகாது.

கைப்பேசி வேறு அறையில் சார்ஜில் கிடக்கட்டும், இரவிலும். எங்கள் வீட்டில் மூன்று பேருடையதும் ஒரே மேசையில்தான் கிடக்கும். என்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடையதைப் பிடுங்கியிருந்தால் அது ஒரு வாரம்கூட நீடித்திருக்காது. இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் எழுந்து நடப்பது என்று சமையலறைக் கடிகாரத்தில் வைத்துக்கொள்கிறாள்.

பேச்சைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "நீ கெட்டிக்காரி" என்று சொல்வது உற்சாகம் தரும் என்றுதான் நான் வெகு நாள் நினைத்திருந்தேன். கிளாடியா மூல்லரும் கரோல் ட்வெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், புத்திசாலி என்று பாராட்டப்பட்ட குழந்தைகள் அடுத்துப் பெரும்பாலும் எளிய வேலையையே தேர்ந்தெடுத்தார்கள், தோற்றதும் சீக்கிரம் தளர்ந்தார்கள், சிலர் மதிப்பெண்ணைக் கூட்டிச் சொல்லவும் செய்தார்கள். உழைத்தாய் என்று பாராட்டப்பட்டவர்கள் கடினமானதைத் தேடிப் போனார்கள். தலையணை உறைக்குள் தாள் போனதற்கான காரணம் அதில் எனக்குக் கிடைத்தது. இப்போது நடந்ததை மட்டும் சொல்கிறேன்: "மூன்று முறை பச்சையில் வந்த வரி இன்று நீலத்தில் வந்துவிட்டது." அக்கா, தம்பி, பக்கத்து வீட்டுப் பிள்ளை, யாருடைய பெயரும் இந்தப் பேச்சில் வருவதில்லை.

பக்கத்தில் உட்காருவதையும் படிப்படியாகக் குறைத்துக்கொண்டேன். முதல் மாதம் தினமும், இரண்டாம் மாதம் வாரம் மூன்று நாள், பிறகு ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடம் மட்டும். அந்த இருபது நிமிடத்தில் நான் கேட்பது மூன்று கேள்விகள்: போன வாரம் எது தெளிவானது, எது இன்னும் சிக்குகிறது, வரும் வாரம் எந்த நாளில் எதைத் தொடப் போகிறாய்? நான் திட்டம் போட்டுக் கொடுப்பதில்லை. அவள் போட்ட திட்டம் எனக்குப் பிடிக்காவிட்டாலும் ஒரு வாரம் ஓடவிடுகிறேன். ஓடாவிட்டால் அவளே மாற்றுகிறாள்.

இப்போது பத்தாம் வகுப்பு. போன தேர்வின் கணக்குத் தாளை அவளே மேசைமேல் வைத்தாள், பின்பக்கத்தில் கட்டங்களும் போட்டிருந்தாள். 73. புரியாதது 7, மறந்தது 6, கவனக்குறைவு 3, நேரமின்மை 11. நேரமின்மை மட்டும் குறையவில்லை, கூடியிருக்கிறது. முதல் பகுதியில் இரண்டு மதிப்பெண் கேள்விகளுக்கே ஒன்றரைப் பக்கம் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள். சனிக்கிழமை காலை பழைய வினாத்தாள் ஒன்றை எடுத்துவைத்து, ஒவ்வொரு கேள்வியின் ஓரத்திலும் அதற்கு எத்தனை நிமிடம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, கடிகாரத்தோடு எழுதப்போகிறாள். கேள்வி வாசிக்க எத்தனை நிமிடம் விடுவது என்பதில் எங்கள் இருவருக்கும் இன்னும் உடன்பாடு வரவில்லை. அவள் ஐந்து என்கிறாள், நான் பத்து என்கிறேன். இந்த வாரம் ஐந்து வைத்துப் பார்க்கிறோம்.